சிப்பாய் மகனுக்கு எந்தப் பள்ளி?

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே, கரிசல் மண்ணும் கருவேலமும் சூழக் கிடக்கிறது மல்லாங்கிணறு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, பொய்த்தால் பசி. அங்கும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் பிறந்த ஏழை இளைஞனுக்கு வாழ்வு திறந்து வைத்திருக்கும் வாயில்கள் எத்தனை என்று எண்ணினால், ஒரு கை விரல்களே போதும். சிவகாசிப் பக்கம் சென்று தீப்பெட்டியும் பட்டாசும் செய்யலாம். நூற்பாலைக்குப் போகலாம். ஊரை விட்டு வெளியேறிக் கூலி வேலை தேடலாம். உடலில் உரமும் நெஞ்சில் துணிவும் உடையவன் பட்டாளத்தில் சேரலாம்.

பட்டாளத்தில் சேர்ந்தவனை நாடு போற்றுகிறது. மேடை உண்டு, மாலை உண்டு, முழக்கம் உண்டு. நாமும் அவனை மதிக்கிறோம். ஆனால் அவன் பெற்ற பிள்ளை எங்கே படிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள், முழக்கம் நின்றுவிடுகிறது!

சிப்பாயின் குடும்ப வாழ்வை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவன் பனிமலையில் காவல் நிற்கிறான். அவன் மனைவி கரிசல் காட்டில் குடும்பம் நடத்துகிறாள். பிள்ளையை உடன் அழைத்துச் சென்றால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாற்றம், பள்ளி மாற்றம், மொழி மாற்றம். ஊரிலேயே விட்டுச் சென்றால், தந்தையின் முகம் விடுமுறைக்கு விடுமுறைதான் தெரியும். தந்தை திரும்பி வராமலே போனாலோ, பிள்ளையின் படிப்பும் அவனோடு புதைந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே இத்தகைய பிள்ளைகளுக்கு உண்டு உறைந்து படிக்கும் பள்ளி வேண்டும். அதற்குப் பொதுப்பணம் செலவாக வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

நாம் எழுப்பும் கேள்வி வேறு. படைவீரரின் பெயரால் எழுந்த பள்ளிகளில், படைவீரன் பிள்ளை எங்கே இருக்கிறான்? முன் வரிசையிலா, கடை வரிசையிலா, வாயிலுக்கு வெளியிலா? இக்கேள்விக்கு விடை காண, கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துவிடுவோம். அத்தொடக்கம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

1789ஆம் ஆண்டு. எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் ஆதரவில் படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்று நடந்தது. வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பிறந்து தந்தையை இழந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். அவர்களுள் பலருக்குத் தாய் இந்நாட்டுப் பெண். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் அவ்விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர் குறைவு, பிள்ளைகளோ மிகுதி. என்ன செய்வது என்று திகைத்திருந்தவர், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். அதையே தம் விடுதியிலும் புகுத்தினார். படித்த மாணவனைக் கொண்டு படிக்காத மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அதனோடு இணைத்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஆங்கிலச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென 1803இல் செல்சீயில் தொடங்கிய அரசுப் பள்ளிக்குள்ளும் அது நுழைந்தது.

தமிழன் திண்ணை சீமைக்கே வழிகாட்டிற்று என்று மார்தட்ட வேண்டுமா? தட்டலாம், ஆனால் உடனே மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் ஏறி அமர முடியவில்லை. கம்பெனிப் படையில் துப்பாக்கி தூக்கிய ஆதித்திராவிடச் சிப்பாயின் மகன் ஊர்த் திண்ணையிலும் அமர முடியவில்லை. எழும்பூர் விடுதியும் அவனுக்காகத் திறக்கப்பட்டதன்று. நம்மவர் ஒரு கதவை மூடினர். வெள்ளையர் மற்றொரு கதவை மூடினர்.

1858இல் உதகையை அடுத்த லவ்டேலில், ஹென்றி லாரன்ஸ் பெயரால் அடுத்த விடுதி எழுந்தது. அதுவும் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கே. பின்னாளில் எழும்பூர்ப் பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். அநாதைக்கென எழுந்த அவ்விடம் இன்று என்னவாயிற்று? ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் கட்டணம் செலுத்தக் கூடியவர் பிள்ளைகள் படிக்கும் புகழ்மிக்க பள்ளியாயிற்று. ஏழைக்கென்று கட்டிய கூரையின் கீழ் காலப்போக்கில் செல்வர் வந்து அமர்கிறார்கள். இது ஒரு பள்ளியின் கதை மட்டுமாக இருந்திருந்தால் நாம் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டோம். மேலே கேளுங்கள்.

இந்தியச் சிப்பாயின் பிள்ளையை ஆட்சியாளர் நினைத்துப் பார்க்க 1920கள் வரவேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் இந்திய வீரர்கள் இலட்சக்கணக்கில் இரத்தம் சிந்திய பின்னர்தான், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் இராணுவப் பள்ளிகள் தோன்றின. எங்கே தோன்றின? ஜீலத்தில், ஜலந்தரில், 1930இல் அஜ்மீரில். பஞ்சாபிலும் இராஜபுதனத்திலும்! தெற்கே ஏன் வரவில்லை?

விடை வருணாசிரமத்தில் இருக்கிறது. ஆம், காக்கி உடுத்த வருணாசிரமம்! 1857க்குப் பின் வெள்ளை ஆட்சியாளர் ‘போர்க்குடி’ என்று ஒரு சாத்திரம் படைத்தனர். சில இனத்தார் போருக்கென்றே பிறந்தவராம். மற்றவர் அதற்கு உதவாதவராம். 1880களில் சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டுச் சிப்பாய் போருக்குத் தகுதி குன்றியவன் என்று தீர்ப்பளித்தார். சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. ‘பிறப்பால் தகுதி’ என்று மனு எழுதியதைத்தான், தொப்பி அணிந்த துரையும் எழுதினார். இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் பற்றாக்குறை வந்ததும் சாத்திரம் சந்தி சிரித்தது! உதவாதவர் என்று ஒதுக்கப்பட்ட தென்னாட்டாரை மீண்டும் அழைத்தனர். சென்னைப் படைப்பிரிவு மறுபிறப்பு எடுத்தது. அதன் பிறகே தெற்கே பள்ளி வந்தது: 1945இல் பெல்காம், 1946இல் பெங்களூர்.

இன்று அப்பள்ளிகள் ‘இராஷ்டிரிய இராணுவப் பள்ளி’ என்ற பெயரில் ஐந்து இடங்களில் நடக்கின்றன. இமயச் சாரலில் சாயில் ஒன்று. இராஜஸ்தானத்தில் அஜ்மீர், தோல்பூர் என இரண்டு. கருநாடகத்தில் பெல்காம், பெங்களூர் என இரண்டு. தமிழ்நாட்டில்? ஒன்றுகூட இல்லை! சாத்திரம் செத்துவிட்டது, அது வரைந்த தேசப்படம் இன்னும் சாகவில்லை.

இப்பள்ளிகள் வரலாற்றில் 1952ஐக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரை சிப்பாய், இளநிலை அதிகாரி ஆகியோரின் பிள்ளைகளுக்கே உரியனவாக இருந்த பள்ளிகள், அவ்வாண்டில் சீமைப் ‘பப்ளிக் ஸ்கூல்’ பாணியில் திருத்தி அமைக்கப்பட்டன. படைத்தலைவர் பிள்ளைகளுக்கும் வெளியார் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. நல்லவேளை, இன்று அங்கே 70 விழுக்காடு இடம் சிப்பாய், இளநிலை அதிகாரி ஆகியோரின் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதைப் பாராட்டுகிறோம். பதவியில் தாழ்ந்தவனுக்குப் பங்கை வரையறுத்துக் கொடுத்தால்தான் அது அவன் கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு இது சான்று.

இனி நம் நாட்டுப் பள்ளிக்கு வருவோம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. கே. கிருஷ்ணமேனன் 1961இல் சைனிக் பள்ளித் திட்டத்தைத் தொடங்கினார். படைத்தலைவர் பதவி சில மாநிலத்தார்க்கும் சில குடும்பத்தார்க்கும் மட்டுமே உரியதாகிவிடக்கூடாது, எளியோர் பிள்ளையும் அதை எட்ட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். 1962 சூலையில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டி, தமிழ்நாட்டின் சைனிக் பள்ளி தொடங்கிற்று. மதுரையும் பழனியும் கடந்து உடுமலைக்குத் தெற்கே சென்றால் அப்பள்ளியைக் காணலாம். அங்கே பயின்றோர் பலர் முப்படையிலும் உயர்ந்தனர். மறுக்கவில்லை, மகிழ்கிறோம்.

ஆனால் திட்டத்தை நோக்கத்தால் மட்டும் அளக்க முடியுமா? யார் உள்ளே வந்தார், யார் வெளியே நின்றார் என்பதல்லவா அளவுகோல்?

பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் சைனிக் பள்ளிகளில் எப்போது வந்தது? 2021-22இல்! தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் இருந்தது. ஆனால் பிற்படுத்தப்பட்டோர் அறுபது ஆண்டுகள் காத்திருந்தனர். வகுப்புரிமைக்கு வழிகாட்டிய தமிழ் மண்ணில், அமராவதிக் கரையில், அறுபது ஆண்டு அந்த உரிமை எட்டிப் பார்க்கவில்லை. பெண்கள்? மிசோரமில் 2018இல் நடந்த சோதனைக்குப் பிறகு, நாடு முழுவதும் அவர்களுக்குக் கதவு திறந்ததும் அதே 2021இல்தான். சிப்பாய்க்கு மகள் பிறந்தால் அவள் படைவீரர் பிள்ளை இல்லையா? கேள்வி எளிது, விடை வர அறுபது ஆண்டு!

ஒதுக்கீடுகள் போக எஞ்சிய இடங்களில் கால் பங்கு படையினர் பிள்ளைகளுக்கு உண்டு. அந்தக் கால் பங்குக்குள் தளபதியின் பிள்ளைக்கும் சிப்பாயின் பிள்ளைக்கும் ஒரே வரிசை, ஒரே தேர்வு. சமத்துவமாம்! ஒருவன் வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர், நகரத்துப் பள்ளி, தனிப்பயிற்சி நிலையம். மற்றவன் வீட்டில் வட்டிக்கு வாங்கிய கடன், ஊர்த் தொடக்கப்பள்ளி, இரவு விளக்கடியில் தாயின் துணை. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஓடு என்று ஊதலை ஊதிவிட்டு, முந்தி வந்தவனைத் ‘தகுதியாளன்’ என்பதும், பிந்தி வந்தவனைத் ‘தகுதியற்றவன்’ என்பதும் நமக்குப் பழகிப்போன பாட்டு. இந்தப் பாட்டின் இராகத்தை நாம் நெடுநாளாக அறிவோம்.

மொழியையும் பாருங்கள். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டுமே. தமிழில் தேறி உள்ளே சென்றவனுக்கும் பாடம் ஆங்கிலத்தில். கட்டணமோ ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல். உதவித்தொகை உண்டு, உண்மை. மாநில அரசு வருமானம் பார்த்துத் தருகிறது. பாதுகாப்பு அமைச்சகமும் தருகிறது. ஆனால் அது தேறியவனுக்குத் தரும் உதவி. தேர்வு வரை வரவே வழியில்லாதவனுக்கு அதனால் என்ன பயன்?

அடுத்து, உயிரிழந்த வீரரின் பிள்ளைகள். 1971 போருக்குப் பின், போரில் மாண்டவர், காணாமற்போனவர், ஊனமுற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசே ஏற்கும் திட்டம் வந்தது. 2017இல் ஏழாவது ஊதியக்குழுவின் பெயரால் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு 2018இல் அதை நீக்கினார்கள். நீக்கியது நன்று, போட்டது ஏன்? கணக்கன் கண்ணுக்கு முதலில் தென்பட்டது தந்தையை இழந்த பிள்ளையின் உணவுத் தட்டுதானா?

ஹவில்தாரும் அவருக்குக் கீழ்ப்பட்டவருமான முன்னாள் வீரரின் பிள்ளைக்குப் படைவீரர் நல நிதியிலிருந்து தரப்பட்ட கல்வி உதவி எவ்வளவு தெரியுமா? 2025 வரை மாதம் 1,000 ரூபாய். அவ்வாண்டு நவம்பர் முதல் 2,000 ஆயிற்று. இரட்டிப்பு என்று பெருமை பேசினார்கள். எந்த ஊரில், எந்த விடுதியில் 2,000 ரூபாய்க்கு ஒரு பிள்ளை உண்டு உறைந்து படிக்க முடியும்?

இதே வேளையில் மற்றொரு காட்சி. 2021இல் நாடெங்கும் 100 புதிய சைனிக் பள்ளிகள் என்று டில்லி அறிவித்தது. இவை பழைய முறைப் பள்ளிகள் அல்ல. தனியார், அறக்கட்டளைகள், மாநில அரசுகள் நடத்தும் பள்ளிகளோடு கூட்டுறவு. வகுப்பில் பாதிப் பேருக்கு, 50 மாணவர் வரை, கட்டணத்தில் பாதியை, ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்ற வரம்புக்குள், மத்திய அரசு தரும். மீதிப் பாதியை யார் தருவது? வெடிமருந்து நெடியோடு வீடு திரும்பும் தாயா? பள்ளி யாருடையதோ அவர் கொள்கையே அங்கே காற்றாக வீசும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பொதுப்பணம் போகுமிடத்தில் பொதுக் கண்காணிப்பும் போக வேண்டும். பகுத்தறிவுக் கல்வியும் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய இடி 2022இல் விழுந்தது. ‘அக்னிவீரர்’ திட்டம்! நான்காண்டுப் பணி. முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைத்த பணிக்கு எடுக்கப்படுவர். மற்றவர் கையில் சுமார் 11.71 இலட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இந்த வரியைத் திரும்பப் படியுங்கள், தோழர்களே! முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லையென்றால், அந்த இளைஞன் பின்னாளில் பெறப்போகும் பிள்ளைக்கு முன்னாள் படைவீரர் பிள்ளை என்ற இடமும் இல்லை. ஒரு பக்கம் படைவீரர் பெயரால் நூறு பள்ளி. மறுபக்கம் படைவீரர் என்ற பெயரே பெற முடியாத வீரர் கூட்டம்! மல்லாங்கிணற்று இளைஞன் எல்லையில் நான்காண்டு நிற்பான். அவன் பிள்ளை பள்ளி வாயிலில் நிற்பான்.

“நாட்டுக்காக உயிர் கொடுப்போர் விஷயத்தில் கணக்குப் பார்ப்பதா?” என்று சிலர் சீறக்கூடும். பார்க்கத்தான் வேண்டும். கணக்குப் பார்க்காததால்தான் உயிர் கொடுப்பவன் பெயரில் ஒதுக்கும் பணம் வேறு கைக்குப் போகிறது. இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே படையினர் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை, ஒரு வரம்புக்குள், அரசு படியாகத் தருகிறது. பெறுவோரில் மிகுதியானவர் யார்? அதிகாரிகளே. பெற்றோர் தர வேண்டிய மீதிப் பத்துப் பங்கே சாதாரணச் சிப்பாய்க்கு மலையாகத் தெரியும்போது வேறென்ன நடக்கும்? நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்க்கு 2017இல் விடுதிப்படி மாதம் 6,750 ரூபாய் என்று பதவி வேறுபாடின்றி வகுத்தார்கள். அந்த முறை மேலானது. ஆனால் அந்தப் பணத்தோடு சென்று சேர, சிப்பாயின் ஊருக்கு அருகே நல்ல பள்ளி வேண்டுமே!

இன்னொரு கேள்வியும் நம் நெஞ்சை அறுக்கிறது. சிப்பாயின் மகன் சிப்பாயாகத்தான் வேண்டுமா? 1953இல் அப்பன் தொழிலை அரைநாள் படி என்று கொண்டுவந்தபோது, தமிழகமே திரண்டு எதிர்த்தது; அடுத்த ஆண்டே அத்திட்டம் வீழ்ந்தது. வண்ணான் மகன் வண்ணானாகவே வாழ வேண்டியதில்லை என்றால், வீரன் மகன் வீரனாகவே வாழ வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவனாகட்டும், பொறியாளனாகட்டும், கவிஞனாகட்டும். துப்பாக்கி தூக்க விரும்பினால் அதையும் தூக்கட்டும். பொதுப்பணம் பிள்ளையின் அறிவுக்குச் செய்யும் செலவு. அவன் வாழ்வை முன்கூட்டியே எழுதி வாங்கும் பத்திரம் அன்று.

பணியில் உயிர் விடுபவன் படைவீரன் மட்டும்தானா? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. மாண்டவர் ஏறத்தாழ 40 பேர். அதன் பிறகும் ஆண்டுதோறும் வெடி, ஆண்டுதோறும் சாவு. நாடு கொண்டாடும் திருநாளுக்கு மருந்து இடித்தவன் கருகிச் சாகிறான். அவன் பிள்ளை யார் பிள்ளை? 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், பட்டாசு விபத்தில் மாண்டோர் பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்து, முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதியும் ஒதுக்கினார். வரவேற்கிறோம். சிப்பாயின் அநாதைக்கு 1972இல் ஏற்ற கடமையை, பட்டாசுத் தொழிலாளியின் அநாதைக்கு ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. படையினர் பிள்ளைகளுக்கென ஒதுக்கும் ஒவ்வோர் இடத்திலும், இராணுவப் பள்ளிகளில் உள்ளதுபோல், பெரும்பங்கு சிப்பாய், இளநிலை அதிகாரி பிள்ளைகளுக்கென வரையறுக்கப்பட வேண்டும். அக்னிவீரனின் பிள்ளைக்கு முன்னாள் படைவீரர் பிள்ளைக்குரிய இடம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஓர் இராணுவப் பள்ளி வேண்டும். அது கரிசல் காட்டில் அமைந்தால் என்ன குறை? அதன் கூரையின் கீழ், எல்லையில் தந்தையை இழந்தவனும் வெடிச்சாலையில் தாயை இழந்தவனும் அருகருகே அமர்ந்து, ஒரே சோறு உண்டு, ஒரே பாடம் படிக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. படையினர் பங்கில் சேர்ந்த பிள்ளைகளுள் சிப்பாய் பிள்ளைகள் எத்தனை பேர், படைத்தலைவர் பிள்ளைகள் எத்தனை பேர், ஆண்டு வாரியாகக் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். உங்கள் ஊரில் வாழும் முன்னாள் வீரர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டுங்கள், அடுத்த கூட்டத்தில், மாலை போடுவதற்கு முன்னே.